அணிப் பெயரை மாற்றத்தான் வேண்டுமா? எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

இந்த மாதம் விளையாட்டுப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அணிப் பெயர் பற்றியவை. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தும் வந்திருக்கின்றன, ஆந்திரச் சித்தூரிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் போட்டுப் பதில் தருகிறோம்.

கே: எங்கள் கால்பந்துக் கழகத்தின் பெயரில் ‘தமிழ் இளைஞர்’ என்று இருக்கிறது. இப்போது ஆடுகிறவர்களில் பாதிப் பேர் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள். பொதுவான பெயராக மாற்றலாம் என்கிறார்கள் இளவட்டங்கள். ‘கேரளத்துக்குள் தமிழ் என்று எழுதிய பலகை இது ஒன்றாவது இருக்கட்டும்’ என்கிறார்கள் பெரியவர்கள். அமெரிக்காவில் பெரிய அணிகளே மாற்றிவிட்டனவாமே? — கொழிஞ்சாம்பாறை

ப: அமெரிக்காவில் நடந்ததை அப்படியே உங்கள் கழகத்தின் தலையில் ஏற்ற வேண்டாம். வாஷிங்டனின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 1933 முதல் ‘ரெட்ஸ்கின்ஸ்’ என்ற பெயரில் இருந்தது. பூர்வகுடி மக்களைத் தோல் நிறத்தை வைத்து இழிக்கும் பெயர் அது. அந்த மக்கள் அதை வைக்கவும் இல்லை, அணி அவர்களுடையதும் இல்லை. பல பத்தாண்டுகள் எதிர்ப்பு நடந்தும் அசையாத நிர்வாகம், 2020 ஜூலையில் மைதானத்துக்குப் பெயர் கொடுத்திருந்த ஃபெடெக்ஸ் நிறுவனம் மாற்றச் சொன்னதும் இரண்டு வாரத்துக்குள் பெயரைக் கைவிட்டது. நியாயம் கேட்டு அசையாதது பணம் பேசியதும் அசைந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். கிளீவ்லேண்ட் பேஸ்பால் அணியும் 1915 முதல் வைத்திருந்த ‘இண்டியன்ஸ்’ என்ற பெயரை 2021 சீசனோடு விட்டு ‘கார்டியன்ஸ்’ ஆனது.

உங்கள் கதை வேறு. உங்கள் பெயரை உங்கள் மக்களே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள், அதில் யாருக்கும் இழிவு இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பெயர் யாரையாவது வாசலில் நிறுத்துகிறதா?

அப்படி நிறுத்திய பெயர்கள் நம் நாட்டிலேயே இருந்தன. பம்பாயில் 1912 முதல் நடந்த நான்முனை கிரிக்கெட் போட்டியில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்றுதான் அணிகள். இதில் எதிலும் அடங்காத கிறிஸ்தவர்களுக்கும் பிறருக்கும் 1937-ல் ‘மற்றவர்கள்’ என்று ஐந்தாவது அணி வந்தது. விஜய் ஹசாரே போன்ற ஆட்டக்காரர் அந்த ‘மற்றவர்கள்’ அணியில்தான் ஆடினார். அங்கே பெயரே தகுதிச் சீட்டு. காந்தி இதை எதிர்த்துப் பேசினார். 1946-ல் போட்டி நின்றுபோனது. இன்னொரு பக்கம், கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-ல் தொடங்கிய கழகம். பெயர் அப்படியே இருக்கிறது, எல்லா மதத்து ஆட்டக்காரர்களும் அதில் ஆடுகிறார்கள். பெயரில் ஒரு கூட்டம் இருப்பதும், ஆளெடுப்பில் அந்தக் கூட்டம் மட்டும் இருப்பதும் ஒன்றல்ல.

எனவே பெயர்ப்பலகையைப் பார்க்கும் முன் துணைவிதிகளை எடுத்து, உறுப்பினர் தகுதி என்ன என்று படியுங்கள். ‘தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்’ என்று இருந்தால் முதலில் அடிக்க வேண்டியது அந்த வரியை. அடுத்து, மலையாளம் பேசும் அந்தப் பையன்கள் சந்தா கட்டி வாக்குரிமை பெற்ற உறுப்பினர்களா, அல்லது ஆட மட்டும் கூப்பிடப்படுகிறவர்களா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் உங்கள் பிரச்சினை பெயரில் இல்லை. அவர்களை உறுப்பினர் ஆக்குங்கள், செயற்குழுவில் இடம் கொடுங்கள், ஜெர்சியில் பெயரை இரண்டு எழுத்திலும் போடுங்கள். அதற்குப் பிறகும் அவர்களே பெயரை மாற்றக் கேட்டால் பொதுக்குழுவில் வாக்குக்கு விடுங்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், பெயர் இருக்கட்டும். சிறுபான்மை மொழிக்காரர்கள் தங்கள் மொழியைப் பெயரில் வைத்திருப்பது ஒதுக்கல் ஆகாது.

கே: பாலக்காட்டுப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடப் போனால் கேலரியிலிருந்து, தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் ‘பாண்டி, பாண்டி’ என்று கூப்பாடு போடுகிறார்கள். அதையே எங்கள் அணிப் பெயராக வைத்து, கோப்பையை அடித்து வாயடைத்தால் என்ன? — பொள்ளாச்சி

ப: ரோஷம் புரிகிறது. ஆனால் வேண்டாம்.

இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனின் டாட்டன்ஹாம் கழகத்து ரசிகர்கள், யூதர்களைத் திட்டும் சொல் ஒன்றைத் தங்கள் அடையாளமாகவே எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் பாடி வந்தார்கள். கழகம் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு, 2022 பிப்ரவரியில், ‘இனி அந்தச் சொல்லை விட்டுவிடுவோம்’ என்று கேட்டுக்கொண்டது. அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி இசைக்குழு ஒன்று தங்களைக் கேலி செய்யும் ‘ஸ்லாண்ட்ஸ்’ என்ற சொல்லையே பெயராக வைத்து, வணிகக் குறியாகப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் வரை போய் 2017-ல் வென்றது. அந்தத் தீர்ப்பினால் உடனே பயனடைந்தது யார் தெரியுமா? 2014-ல் வணிகக் குறிப் பதிவை இழந்திருந்த அதே வாஷிங்டன் அணி. அடிபட்டவர்கள் தங்களுக்காகத் திறந்த கதவில் அடித்தவர்களும் நுழைந்தார்கள்.

உங்கள் ஊர் நடைமுறைக்கு வருவோம். அந்தப் பெயரில் நீங்கள் பதிவு செய்தால், மைக் பிடித்திருப்பவர் ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். ஃபிக்ஸ்சர் பலகையில், நோட்டீஸில், வாட்ஸ்ஆப்பில் எல்லாம் அது போகும். உங்களுக்கு இருபது வயது, தோளில் வலு இருக்கிறது, தாங்கிக்கொள்வீர்கள். மறுநாள் அதே ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பையனை எவனாவது அப்படிக் கூப்பிட்டால், ‘டீம் பேருதானே’ என்று பதில் வரும். அந்தப் பையனிடம் நீங்கள் அனுமதி கேட்கவில்லையே.

இதற்குப் பதில், நுழைவுக் கட்டணம் கட்டும்போதே போட்டிக் குழுவிடம் மூன்று படி விதியை எழுதிக் கேளுங்கள். முதல் முறை கூப்பாடு எழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் எச்சரிக்கை. தொடர்ந்தால் அணிகளைச் சில நிமிடம் வெளியே அனுப்புவது. மூன்றாவது முறை ஆட்டம் கைவிடப்படுவது. சர்வதேசக் கால்பந்தில் இருக்கும் நடைமுறைதான் இது. உள்ளூர்ப் போட்டியில் மூன்றாவது படி வரை போவது அபூர்வம். பெரும்பாலும் முதல் அறிவிப்பிலேயே, டிக்கெட் காசு திரும்பக் கேட்கப்படுமோ என்ற பயத்தில், அமைப்பாளர்களே கேலரியை அடக்கிவிடுவார்கள்.

கே: எங்கள் கிரிக்கெட் அணியின் பெயர் ‘பாய்ஸ்’ என்று முடிகிறது. இந்த வருடம் பெண்கள் அணியும் தொடங்கியிருக்கிறோம். அவர்களுக்கு ‘லேடி’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாமா, தனிப் பெயர் வைக்கணுமா? — நகரி

ப: இரண்டும் வேண்டாம், ‘பாய்ஸ்’ போகட்டும். ஊர்ப் பெயரோடு பொதுவான ஒரு சொல் வைத்தால் இரண்டு அணிக்கும் ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே ஜெர்சி. பெண்கள் பிரீமியர் லீக்கில் மும்பை, பெங்களூரு, டெல்லி அணிகள் ஆண்கள் அணியின் பெயரிலேயே ஆடுகின்றன. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா கழகமும் அப்படித்தான். அதன் பெண்கள் அணி தேசிய லீக்கை மூன்று முறை வென்றது அதே பெயரில்தான்.

போட்டி அட்டவணையில் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் எழுதுங்கள்: ‘ஆண்கள்’, ‘பெண்கள்’. பெண்களுக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் ஆண்கள் அணிதான் அசல் என்று ஆகிவிடும். ஐ.சி.சி. இப்போது ஆண்கள் உலகக் கோப்பைக்கும் ‘ஆண்கள்’ என்று சேர்த்தே எழுதுகிறது. 2021 செப்டம்பரில், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் எம்.சி.சி. கழகம் அந்த விதிகளில் ‘பேட்ஸ்மேன்’ என்பதை ‘பேட்டர்’ ஆக்கியதும் இதே கணக்கில்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெண்களைக் கேட்காமல் செய்யாதீர்கள். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம், பெண்கள் கூடைப்பந்து அணி தவிர மற்ற பெண்கள் அணிகளிலிருந்து ‘லேடி’ என்ற சொல்லை எடுக்க 2014-ல் முடிவு செய்தது. அந்தப் பெயரில் பல கோப்பை வென்ற மரபு அங்கே இருந்தது. முன்னாள் வீராங்கனைகளே எதிர்த்தார்கள். 2017-ல் பெயர் திரும்ப வந்தது. உங்கள் ஊரில் அணி இப்போதுதான் தொடங்குகிறது, அந்தச் சிக்கல் இல்லை. இப்போதே செய்துவிடுங்கள், நாளாக ஆக இறுகிவிடும்.

கே: கல்லூரி ஹாக்கி அணிக்கு ‘ட்ரைபல் வாரியர்ஸ்’ என்று பெயர் வைத்து, இறகுக் கிரீடம் அணிந்த முகத்தைச் சின்னமாகப் போட்டிருக்கிறோம். பக்கத்து அட்டப்பாடி மக்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தோம். ஜூனியர் மாணவர் ஒருவர் ஆட்சேபிக்கிறார். — ஆனைகட்டி

ப: அந்த மாணவர் சரியாகத்தான் சொல்கிறார். முதலில் சின்னத்தைப் பாருங்கள். அந்த நீண்ட இறகுக் கிரீடம் வட அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடிகளுடையது. இணையத்திலிருந்து இறக்கிய படமாக இருக்கும். அட்டப்பாடியில் இருப்பவர்கள் இருளர், முடுகர், குறும்பர். மூவருக்கும் மொழி வேறு, வழக்கம் வேறு. இவர்களில் யாரும் அந்தக் கிரீடத்தை வைத்ததில்லை. யாரையும் குறிக்காத படம் யாருக்கு மரியாதை?

இங்கிலாந்தின் எக்ஸிடர் சீஃப்ஸ் ரக்பி கழகம் இதே படத்தைத்தான் வைத்திருந்தது. 2022-ல் பெயரை வைத்துக்கொண்டு, சின்னத்தை மட்டும் தங்கள் பகுதியில் இரும்புக் காலத்தில் வாழ்ந்த டம்னோனி குடியினருக்கு மாற்றியது. நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸ் (சிலுவைப் போர் வீரர்கள்) ரக்பி அணியும், 2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலைக்குப் பிறகு, வாளேந்திய குதிரை வீரனை எடுத்துவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டது. அது பாதிக் கிணறு என்பது எங்கள் அபிப்பிராயம்.

உங்களுக்கு இரண்டு வழி. அணியில் அந்த மூன்று குடிகளிலிருந்தும் ஒருவர்கூட இல்லை என்றால் பெயரையும் சேர்த்து விடுங்கள். ஆறு, மலை, மரம் என்று அங்கே பெயருக்கா பஞ்சம்? அவர்கள் பெயரைத்தான் வைப்போம் என்றால் முறையாகப் போய்க் கேளுங்கள். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் ‘செமினோல்ஸ்’ என்ற பெயரை இன்றும் வைத்திருக்கிறது. 2005-ல் கல்லூரி விளையாட்டு அமைப்பு, பூர்வகுடிப் பெயர்களுக்குத் தடை கொண்டுவந்தபோது, ஃப்ளோரிடாவின் செமினோல் மக்களின் ஆட்சிக்குழுவே சம்மதம் தெரிவித்ததால் விலக்குக் கிடைத்தது.

உங்கள் அளவுக்குச் செய்வதென்றால், ஒரு ஊரின் மூப்பனிடம் மட்டும் பேசி, போட்டோ எடுத்து வந்துவிடாதீர்கள். ஊர்க் கூட்டத்தில் சொல்லுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பெயர், எந்தச் சின்னம், எத்தனை வருடம், அவர்கள் வேண்டாம் என்றால் எத்தனை நாளில் நிறுத்துவோம், ஜெர்சி விற்றால் பங்கு உண்டா, அவர்கள் பிள்ளைகளுக்கு அணியிலும் பயிற்சியிலும் என்ன இடம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி வரியை எழுதக் கை தயங்கினால் பெயரை விட்டுவிடுவதே நல்லது.

கே: எங்கள் கபடி அணியின் பெயரில் ‘காலனி’ இருக்கிறது. அரசாங்கமே அந்தச் சொல்லை எடுத்துவிட்டதாமே, நாங்களும் எடுக்க வேண்டுமா? — திருத்தணி

ப: கட்டாயம் இல்லை. கேரளத்தில் 2024 ஜூனில் அப்போதைய அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் ‘காலனி’ என்பதை ‘நகர்’, ‘உன்னதி’ போன்ற பெயர்களாக மாற்ற உத்தரவிட்டார். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இவை அரசு ஆவணத்துக்கானவை, உங்கள் கழகத்தைக் கட்டுப்படுத்தாது. முடிவு அந்தத் தெருக்காரர்களுடையது. வெளியிலிருந்து வரும் ஸ்பான்சரோ, ‘கொஞ்சம் நாகரிகமாக இருக்கட்டும்’ என்று சொல்லும் பக்கத்துத் தெருக்காரரோ அதில் தலையிடக் கூடாது.

ஆனால் நீங்கள் வேறு பெயரில் பதிவு செய்த பிறகும் போட்டிப் பலகையில் ‘காலனி டீம்’ என்றே எழுதினால், அழித்து எழுதும் வரை களமிறங்காதீர்கள்.

இன்னொரு வாசகர், தங்கள் பகுதி அணிகள் பலவும் சாதிப் பட்டத்தைப் பெயரில் போடுவதாக எழுதியிருக்கிறார். ஓர் அணியிடம் மட்டும் எடுக்கச் சொன்னால் அது தகராறாகும். 1997-ல் தென்மாவட்ட மோதல்களுக்குப் பிறகு தமிழக அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை ஒரே வீச்சில் எல்லாவற்றிலிருந்தும் எடுத்தது. போட்டிக் குழுவும் அப்படியே நுழைவுப் படிவத்தில் ஒரு வரி போடட்டும்: ‘சாதிப் பெயர், பட்டம் உள்ள அணிப் பெயர் ஏற்கப்படாது.’ எல்லாருக்கும் ஒரே விதி என்றால் முணுமுணுப்போடு நின்றுவிடும்.

கே: மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டோம். எங்கே தொடங்குவது, என்ன செலவு, எதில் மாட்டிக்கொள்வோம்? — சித்தூர் (இரண்டிலிருந்தும்)

ப: பெயர் தேர்விலிருந்து தொடங்குவோம். எல்லைப்பகுதி அணிக்கு, பெயர் இரண்டு எழுத்திலும் சிதையாமல் வர வேண்டும். தெலுங்கில் ‘ழ’ இல்லை. ‘சோழா’ என்று வைத்தால் அந்தப் பக்கத்துப் பலகையில் ‘சோளா’தான். மலையாளத்தில் அந்தத் தொல்லை இல்லை. மூன்று நான்கு பெயர்களைத் தேர்ந்து, மைக் பிடிக்கும் ஆளிடம் கொடுத்து வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு இடறுகிற பெயர் கழிந்துவிடும்.

பிறகு அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். கிளீவ்லேண்ட் ‘கார்டியன்ஸ்’ என்று அறிவித்தபோது, அதே ஊரில் அதே பெயரில் ரோலர் டெர்பி (சக்கரக் காலணி ஆட்டம்) அணி ஒன்று ஏற்கெனவே இருந்தது. வழக்குப் போட்டார்கள், 2021 நவம்பரில் இருவரும் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஆனது. அவ்வளவு பெரிய நிர்வாகத்துக்கே இந்தக் கதி. வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். விளையாட்டுச் சேவைக்கு 41-ஆம் வகுப்பு, உடைக்கு 25-ஆம் வகுப்பு. பதிவு செய்வதற்கு ஒரு வகுப்புக்கு இணைய வழியில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ஜெர்சி விற்கும் எண்ணம் இல்லாத ஊர் அணிக்கு இந்தச் செலவு வீண். தேடினால் போதும்.

சங்கம் பதிவானதா? அப்படியென்றால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று பதிவுச் சான்றிதழின் தலைப்பில் பாருங்கள். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம், ஆந்திரத்தில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம். பாலக்காட்டில்தான் குழப்பம். மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய மலபார், அங்கே 1860-ஆம் ஆண்டுச் சட்டம். சித்தூர் வட்டம் பழைய கொச்சி, அங்கே 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். பக்கத்து ஊர்ச் சங்கத்தின் விண்ணப்பத்தைப் பார்த்துக் காப்பியடித்தால் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான்.

துணைவிதியில் சொன்னபடி பொதுக்குழு அறிவிப்பு. தமிழ்நாட்டில் பெரும்பாலான துணைவிதிகளில் இது 21 நாள். அறிவிப்பிலேயே ‘பெயர் மாற்றம்’ என்று பொருள் எழுதியிருக்க வேண்டும். ‘இதர பொருள்கள்’ என்று போட்டு உள்ளே நுழைத்தால் பதிவாளர் ஏற்க மாட்டார். தமிழ்நாட்டில் சிறப்புத் தீர்மானத்துக்கு, வந்து வாக்களிப்போரில் முக்கால் பங்கு ஆதரவு தேவை. தீர்மானத்தில், ‘இன்ன பதிவு எண்ணில், இன்ன பெயரில் இயங்கிய சங்கமே இனி இன்ன பெயரில் இயங்கும்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பழைய பெயரில் சான்றிதழ் வாங்கிய ஆட்டக்காரர் நாளை விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது, இரண்டும் ஒரே கழகம் என்று காட்ட அந்த வரிதான் கை கொடுக்கும். சான்றொப்பமிட்ட நகல்கள் பத்தாவது எடுத்து வையுங்கள்.

வரிசை முக்கியம்: பதிவாளர், பிறகு பான் அட்டை (எண் மாறாது, பெயர் மட்டும்), பிறகு வங்கி, பிறகு மாவட்ட விளையாட்டுச் சங்கம். பலர் செய்வது, முதலில் பேனர் கட்டிவிடுவது. அடுத்த வாரம் பரிசுக் காசோலை புதுப் பெயரில் வரும், கணக்கு பழைய பெயரில் இருக்கும், காசோலை திரும்பும். வங்கி முடியும்வரை பழைய பெயரிலேயே காசோலை கேளுங்கள். சீசன் நடுவில் மாற்றவே மாற்றாதீர்கள். புதுப் பெயர் கூடிவரவில்லை என்றால் ஊர்ப் பெயரோடு ‘அணி’ என்று மட்டும் போட்டு ஒரு சீசன் ஆடுங்கள். வாஷிங்டன் இரண்டு சீசன் அப்படித்தான் ஆடியது.

ஜெர்சிதான் உண்மையான செலவு. பழையது ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் பெயர் மேல் துணிப் பட்டை வைத்துத் தைத்துவிடலாம். இப்போது திருப்பூரிலிருந்து வருபவை பெரும்பாலும் சப்ளிமேஷன். சாயம் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போயிருக்கும், சுரண்டினாலும் போகாது. அதன் மேல் சாதாரண வெள்ளை வினைலைச் சூட்டு அழுத்தத்தில் ஒட்டினால், அடியிலுள்ள சாயம் சூட்டில் கிளம்பி மேலே ஏறும். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எழுத்து சில நாளில் ரோஸ் நிறமாகிவிடும். சாயத்தைத் தடுக்கும் வினைல் என்று தனியாகக் கேட்டு, குறைந்த சூட்டில் ஒட்டச் சொல்லுங்கள். இல்லையேல் ட்வில் துணியில் பெயரைத் தைத்து வாங்குங்கள். புதிதாக அடிப்பதென்றால், தமிழும் மலையாளமும் உள்ள டிசைனை எழுத்தாகவே அனுப்பாதீர்கள். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறி நிற்கும். எழுத்துகளைக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றி அனுப்பி, அச்சடிக்கும் முன் ஒரு படம் வாங்கி, இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். வாலிபால் அணி என்றால் எண் மார்பில் 15 செ.மீ., முதுகில் 20 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. நீளமான பெயரை வைத்துவிட்டு எண்ணைச் சுருக்கினால் நடுவர் ஆட்சேபிப்பார்.

கே: பழைய பெயர் பொறித்த கோப்பைகளை என்ன செய்வது? — குமுளி

ப: சுரண்டாதீர்கள், அலமாரியில் அப்படியே இருக்கட்டும். எந்தப் பெயரில் வென்றீர்களோ அந்தப் பெயரில்தான் வெற்றி. பதிவேட்டில் பழைய பெயரை எழுதி, ‘இப்போது இன்ன பெயர்’ என்று பக்கத்தில் குறியுங்கள். இது அதே கழகம் பெயர் மாறினால் மட்டும். கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021-ல் பஞ்சாப் கிங்ஸ் ஆனபோது பழைய கணக்கும் கூடவே வந்தது. ஹைதராபாத்தில் டெக்கான் சார்ஜர்ஸ் கலைந்து, வேறு உரிமையாளரின் சன்ரைசர்ஸ் 2013-ல் வந்தது. 2009 கோப்பை சன்ரைசர்ஸ் கணக்கில் சேராது. உங்கள் ஊரிலும் பழைய அணி உடைந்து இரண்டாகியிருந்தால், கோப்பை யாருக்கு என்பதைப் பெயர் மாற்றத் தீர்மானத்தோடு சேர்க்காமல் தனித் தீர்மானமாக முதலில் முடித்துவிடுங்கள்.